உங்க செம்பருத்தி வேலியும் எங்க மல்பெரித் தோட்டமும்

டவுனில் இருக்கிற நண்பர்கள் போட்டோ அனுப்பிக் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "வாசல்ல இருக்கிற செம்பருத்தியில வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கு, என்ன மருந்து அடிக்கணும்?" அடுத்த ஆள் புங்கமரம் அனுப்புவார். இன்னொருத்தர் அரளி, நந்தியாவட்டை. மரத்தோட பேர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. இது என்ன பூச்சின்னு கேட்கிறவங்க குறைவு. என்ன மருந்துன்னுதான் கேட்கிறாங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்கும் நிழலுக்கும் வைத்த மரம் செடிக்கு விஷ மருந்து அடிக்கிற பழக்கம் பெரும்பாலும் தேவையில்லாத வேலை. பல சமயம் பூச்சியை அதிகமாக்குகிற வேலையும்கூட. அதோட பலன் உங்க காம்பவுண்டு சுவருக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை, எங்க கொல்லை வரைக்கும் வருது. அதனாலதான் ஒரு விவசாயி உங்க வீட்டுச் செம்பருத்தியைப் பற்றிப் பேசறான்.

எங்க ஊத்தங்கரைப் பக்கம் வந்து பார்த்தீங்கன்னா தெரியும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாந்தோப்பு, அந்தப் பக்கம் லேஅவுட் போட்டு நட்டு வெச்ச கல். போச்சம்பள்ளியில சிப்காட், பர்கூர்ல சிப்காட், ஓசூர் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பெனி வந்தால் பசுமைப் பட்டை என்று மரம் வைக்கணும், குடியிருப்பு வந்தால் வாசலில் அலங்காரச் செடி வைக்கணும். நல்லதுதான். மரம் வைக்கிறதை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தத் தோட்டங்களைப் பார்த்துக்கிற ஒப்பந்தத்தில் "மாசம் ஒரு தடவை மருந்து தெளிக்கணும்" என்று எழுதியே வைத்திருப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒண்ணாந்தேதி வந்தால் டேங்க்கைத் தோளில் மாட்டிக்கிட்டு ஒரு தம்பி வந்துடுவார். கையுறை இருக்காது, முகத்துக்குத் துணி இருக்காது. கேட்டால், "மேனேஜர் சொன்னாருண்ணா" என்பார்.

இது ஏன் தப்பு என்று சொல்ல, 2008-ல் நடந்த ஒரு கதையைச் சொல்லியாகணும்.

பப்பாளியில் வந்து எல்லாத்திலும் ஏறிய பூச்சி

2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சின்னு பேர் வெச்சாங்க. பேர்தான் பப்பாளி. ஆனா செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி, கத்திரி, கொய்யா, காட்டாமணக்கு, தேக்கு, ரோட்டோரம் கிடக்கிற பார்த்தீனியம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் உட்காரும். ஒரு பெண் பூச்சி பஞ்சு மாதிரி பைக்குள்ள நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ரெண்டு வருஷத்தில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று பரவிவிட்டது.

எல்லாரும் அடிச்சாங்க. கடையில் என்ன கொடுத்தாங்களோ அதை அடிச்சாங்க. இதில் ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். மாவுப்பூச்சிக்கு அந்த வெள்ளை மாவுதான் சட்டை. அது மெழுகு. தண்ணியில் கலந்த மருந்து மெழுகு மேல ஒட்டாமல் உருண்டு விழுந்துடும். உள்ளே இருக்கிற பூச்சி அப்படியே இருக்கும், முட்டைப் பைக்கு ஒண்ணும் ஆகாது. செத்தது யாருன்னா, அந்த மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டும் குளவியும். பத்து நாள் கழிச்சுப் பார்த்தால் மாவுப்பூச்சி முன்னை விட அதிகம். மறுபடியும் மருந்து.

இதில் மாட்டிக்கிட்டு ரொம்ப முழிச்சவங்க பட்டு விவசாயிங்க. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரி வெச்சுப் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பங்கள் ஏராளம். மல்பெரி இலையில் மருந்து பட்டால் அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழுவும் பூச்சிதானே, அதுவும் செத்துப்போகும். மாவுப்பூச்சியைக் கொன்னா பட்டுப்புழு போகும், விட்டு வெச்சா இலை போகும். இலை சுருண்டு கருகி, புழுவுக்குப் போட வழியில்லாமல் போனால் அந்த மாசம் வருமானம் பூஜ்யம். மல்பெரியைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வெள்ளாமைக்குப் போகலாமான்னு யோசிக்கிற நிலைமை.

இதுக்கு வழி கண்டுபிடிச்சது மருந்துக் கம்பெனி இல்லை. பெங்களூர் ஹெப்பாலில், இப்போ தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று சொல்கிற மத்திய அரசு நிறுவனம், 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூணு வகைச் சின்னக் குளவிகளை வரவழைத்தது. அமெரிக்க வேளாண் துறை அங்கே வளர்த்துக்கிட்டு இருந்த குளவிகள் அவை. குளவின்னா கொட்டுகிற குளவி இல்லை. ரொம்பச் சின்னது, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். சோதனை எல்லாம் முடிச்சு, அந்த வருஷக் கடைசியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வயலில் விட ஆரம்பிச்சாங்க.

அந்த மூணில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்கிற குளவிதான் பெரிய வேலை செஞ்சது. மாவுப்பூச்சிக் குஞ்சு உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். உள்ளே புழு வளர்ந்து, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னு, கடைசியில் வட்டமா ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். சில மாசத்தில், குளவி விட்ட இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிடுச்சு. பைசா செலவில்லாமல் அதுவே பரவி அடுத்த ஊருக்கும் போச்சு. இன்னைக்கும் அந்தப் பூச்சி இருக்கு, குளவியும் இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சு வெச்சிருக்கு.

இதே கதை மரவள்ளியில் திரும்ப நடந்தது. 2020-ல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சியைப் பார்த்தாங்க. சீக்கிரமே நம்ம சேலம், நாமக்கல், தருமபுரிக்கு வந்துடுச்சு. அதே பணியகம் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் இருந்து அனாகைரஸ் லோபெசி என்கிற குளவியைக் கொண்டு வந்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றினதும் இதே குளவிதான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கின ஹான்ஸ் ஹெர்ரன் என்கிற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைச்சது.

செம்பருத்தி வேலி எங்கே வருது?

இப்போ உங்க வாசலுக்கு வருவோம். மல்பெரியில் பழைய காலத்தில் இருந்தே ஒரு சீக்கு உண்டு. பட்டு விவசாயிங்க அதை துக்ரா என்பாங்க. கொழுந்து சுருண்டு, தடிச்சு, கரும்பச்சையாகி, முடிச்சு போட்ட மாதிரி நின்னுடும். அதுக்குக் காரணம் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதை வெளிநாட்டில் எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமா? செம்பருத்தி மாவுப்பூச்சி. உங்க செம்பருத்தியில் கொழுந்து சுருண்டு, பூ விரியாமல் கொத்தாக நிக்குதே, அதுவும் இதுவும் ஒரே பூச்சி.

பூச்சிக்கு இது லேஅவுட், இது கொல்லை என்ற கணக்கெல்லாம் கிடையாது. காற்றில் பறக்கும், எறும்பு தூக்கிட்டுப் போகும், வேலையாள் சட்டையில் ஒட்டிக்கிட்டு வரும், நர்சரிச் செடியோட லாரியில் வரும். அதே மாதிரி, பொறிவண்டுக்கும் குளவிக்கும் வேலி கிடையாது. உங்க செம்பருத்தியில் பத்துக் குளவி பிழைச்சால் அதன் குஞ்சுகள் எங்க மல்பெரிக்கு வரும். மாசாமாசம் நீங்க மருந்தடிச்சு அதுங்களைக் கொன்னுட்டா, அங்கே மாவுப்பூச்சி மட்டும்தான் மிச்சமாகும். துக்ராவுக்கு ஆஸ்திரேலியப் பொறிவண்டை ஏக்கருக்கு 250 கணக்கில் காசு கொடுத்து வாங்கி விடறவங்க எங்க பக்கம் இருக்காங்க. அது பறந்து போய் உட்காருகிற அடுத்த செடியில் விஷம் இருந்தால் அந்தக் காசு போச்சு.

மருந்துக்கு முன்னால் பார்வை

சரி, பூச்சியை எப்படித் தெரிஞ்சுக்கிறது? பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், அதுவும் இல்லைன்னா போன் கேமரா. காலையில் ஒரு பத்து நிமிஷம், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க.

வெள்ளையா, பஞ்சு மாதிரி, கணுவிலும் கொழுந்திலும் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. நசுக்கிப் பார்த்தால் பப்பாளி மாவுப்பூச்சியில் மஞ்சள் தண்ணி வரும். ஆனா நசுக்கறதுக்கு முன்னால் ஒண்ணு கவனிங்க. அந்த வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் கொஞ்சம் பெரிசா, நீள நீளமா வெள்ளை நூல் தொங்க, சுறுசுறுன்னு ஓடற ஒண்ணு இருக்கா? அது மாவுப்பூச்சி இல்லை. நான் மேலே சொன்ன ஆஸ்திரேலியப் பொறிவண்டோட புழு. காப்பித் தோட்டத்துக்காக 1898-லேயே நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்த வண்டு அது. பெரிய மாவுப்பூச்சின்னு நினைச்சு இதைத்தான் முதலில் நசுக்குவாங்க. இன்னொண்ணு, ஸ்பால்ஜிஸ் என்கிற பட்டாம்பூச்சியோட புழு. பட்டாம்பூச்சிப் புழுன்னா இலை தின்னும் என்று நினைப்போம். இது மாவுப்பூச்சியைத் தின்னும். இதோட கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு மூஞ்சி மாதிரி இருக்கும். இந்த ரெண்டில் ஒண்ணு இருந்தாலும் மருந்து டப்பாவை உள்ளே வெச்சிடுங்க. உங்களுக்காக வேலை நடந்துக்கிட்டு இருக்கு.

இலை மேல கரி பூசின மாதிரி கறுப்பா இருந்தால், அது தானாக வந்த நோய் இல்லை. மேலே எங்கேயோ சாறு உறிஞ்சுகிற பூச்சி உட்கார்ந்து தேன் மாதிரி கழிவை விடுது, அதில் கரும்பூசணம் வளருது. மாமரத்தில் தத்துப்பூச்சி, தென்னையில் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ, தென்னை மட்டுமில்லாமல் அலங்காரப் பனை, கல்வாழை எல்லாத்திலும் ஏறுது. இதுக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, விஷ மருந்து வேண்டாம் என்றுதான். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க, தண்ணியைப் பீய்ச்சி அடிங்க, கரியைப் போக்க மைதா கஞ்சி தெளிங்க. காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து வந்துடும். இந்த வெள்ளை ஈயை அடக்க என்கார்சியா என்கிற ஒட்டுண்ணிக் குளவி தானாகவே வந்து வேலை செய்யுது.

இலையில் முடிச்சு முடிச்சா இருந்தால் பயந்துடாதீங்க. புங்க இலையில் விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை. ஏழிலைப்பாலை இலையில் கொப்புளம் கொப்புளமா வர்றது ஒரு சின்னப் பூச்சி. பார்க்க அசிங்கமா இருக்கும், மரத்துக்கு உயிர்ச்சேதம் வராது. முடிச்சுக்குள்ள இருக்கிறதை மேலே அடிக்கிற மருந்து தொடவும் தொடாது. ஐடி கம்பெனி வாசலில் வரிசையா வைக்கிற ஃபைகஸ் வேலியில் இலை மடிஞ்சு பை மாதிரி இருந்தால், பிரிச்சுப் பாருங்க, உள்ளே கறுப்பா இலைப்பேன் ஓடும். அந்தக் கொழுந்தைக் கத்தரிச்சு மூட்டை கட்டினால் போச்சு.

அரளியிலும் எருக்கிலும் மஞ்சள் மஞ்சளா அசுவினி அப்பியிருக்கும். அதுதான் பொறிவண்டுகளுக்கு மளிகைக் கடை. நந்தியாவட்டையை ஒரே ராத்திரியில் மொட்டையாக்கினது, பச்சை உடம்பில் நீலக் கண் வெச்ச தடிப்புழுவா? அது ஒரு பெரிய அந்துப்பூச்சியாகப் போகிற புழு. கையால் எடுத்துப் போடுங்க, அல்லது விடுங்க. நந்தியாவட்டை ஒரு மாசத்தில் துளிர்த்துடும்.

வேப்பமரம் சாகலை

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது வேப்பமரம். சில வருஷமாக மழைக்காலம் முடிகிற சமயம், கார்த்திகை, மார்கழி, தையில் வேப்பமரங்கள் நெருப்பு வெச்ச மாதிரி நுனியெல்லாம் கருகி நிக்குது. தெலுங்கானா, ஆந்திராவில் பெரிசா வந்தது, நம்ம பக்கமும் வந்திருக்கு. வேம்புக்கே சீக்கா என்று ஜனங்க பயந்துட்டாங்க. வேப்பெண்ணெய்தான் எல்லாப் பூச்சிக்கும் மருந்து, அந்த மரத்துக்கே இப்படியா என்று.

காரணம் ரெண்டு. ஒண்ணு தேயிலைக் கொசு. பேர் கொசு, ஆனா நாவாய்ப்பூச்சி. செம்பழுப்பு உடம்பு, நீள மீசை, முதுகில் குண்டூசி நட்ட மாதிரி ஒரு குச்சி. இளம் கொழுந்தில் ஊசி போட்டுச் சாறை உறிஞ்சும், அந்த இடம் கருகும். ரெண்டாவது, அதே சமயம் ஈரத்தில் பரவுகிற ஒரு பூஞ்சணம், நுனியில் இருந்து கீழாகக் காய வைக்கும். ரெண்டும் சேர்ந்தால் மரம் செத்த மாதிரியே இருக்கும்.

ஆனா வெயில் ஏறினதும் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துடுது. சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்குப் பூ பறிக்கிறோமே, அதே மரத்தில். இந்த ரெண்டு மூணு மாசம் பொறுக்காமல், "மரம் போச்சு" என்று ரம்பம் வெச்சு அறுத்தவங்க நிறைய பேர். இடம் மறைக்குது, இலை கொட்டுது என்று ஏற்கெனவே மரத்து மேல கடுப்பில் இருந்தவங்களுக்கு இது ஒரு நல்ல சாக்கு. அம்பது வருஷ மரத்தை ஒரு மார்கழியில் தீர்த்துக் கட்டிடறாங்க. நாப்பது அடி மரத்துக்கு மருந்தடிக்கவும் போகாதீங்க. கொழுந்துக்கு எட்டாது, கீழே நிற்கிற உங்க மேலேயும் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியிலேயும்தான் விழும். எட்டுகிற காய்ந்த நுனிகளைக் கழித்து எரிங்க. அடியில் தண்ணி விடுங்க. சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்து பாருங்க. பங்குனி வரைக்கும் காத்திருங்க. பட்டையை நகத்தால் கீறிப் பாருங்க, உள்ளே பச்சையாக இருந்தால் மரம் உயிரோட இருக்கு.

எதுக்குக் கை வைக்கணும்?

எல்லாத்தையும் சும்மா விட்டுடுங்க என்று நான் சொல்லலை. சில பூச்சிக்கு உடனே இறங்கணும். அடிமரத்தில் துளை, துளை வாயில் மரத்தூள், பிசின் வடிதல் இருந்தால் தண்டுத் துளைப்பான். மாமரத்துக்கு எங்க பக்கம் இதுதான் எமன். நீள மீசை வெச்ச பெரிய வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு உள்ளே மாசக்கணக்கில் குடைஞ்சுக்கிட்டே போகும். வெளியே தெரியும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும். சைக்கிள் கம்பியை வளைச்சு உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி எடுக்கணும். மருந்தில் நனைச்ச பஞ்சைத் துளைக்குள்ள திணிச்சு, களிமண்ணால் அடைக்கணும். மருந்து வேணும்னா இப்படித்தான் வேணும்: எங்கே பூச்சியோ அங்கே மட்டும், ஒரு கரண்டி. மரம் பூரா ஒரு டேங்க் இல்லை.

கம்பளிப்பூச்சியைப் பற்றிக் கேட்பீங்க. "குழந்தைங்க விளையாடுற இடம், முருங்கை மரத்துல அப்பிக்கிட்டு இருக்கு, மேல விழுந்தா தடிப்பு வருது." நியாயமான பயம். அதுங்க பகலில் அடிமரத்தில் கூட்டமா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு இடத்தில் கை படாமல் வழிச்செடுத்து சோப்புத் தண்ணி வாளியில் போட்டால் முடிஞ்சது. அதுக்காகப் பூங்காவில் இருக்கிற எல்லா மரத்துக்கும் விஷம் தெளிக்கிறது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தற கதை. அந்தக் குழந்தைங்கதான் நாளைக்கு அதே புல்லில் உருளப் போகுது.

வீட்டுச் செடியில் மாவுப்பூச்சி அதிகமாகிவிட்டால் வரிசையா இப்படிச் செய்யுங்க. முதலில், மோசமான கொழுந்துகளைக் கத்தரிச்சு பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்க. குப்பையில் அப்படியே எறியாதீங்க. ரெண்டாவது, எறும்பைத் தடுங்க. மாவுப்பூச்சி விடுகிற தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்குது, பொறிவண்டை விரட்டுது. தண்டில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, தாள் மேல கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. பட்டையில் நேரா தடவ வேண்டாம். மூணாவது, பைப்பைத் திறந்து இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணி அடிங்க. ரோட்டோரச் செடிக்கு இது ரெட்டை லாபம். தூசி படிந்த இலையில் சிலந்திப்பேனும் செதில் பூச்சியும் அதிகமாகும், தூசியில் குளவிக்கு வேலை செய்ய முடியாது. இதுக்கும் அடங்கலைன்னா, லிட்டர் தண்ணிக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, சாயங்காலம் அடிங்க. முதலில் நாலு இலையில் அடிச்சு, கருகுதான்னு பார்த்துட்டு அப்புறம் முழுசா. பக்கத்தில் மல்பெரி இருந்தால் வேப்பெண்ணெயும் வேண்டாம், பட்டுப்புழுவுக்கு அதுவும் ஆகாது.

இதுக்கு மேலும் மருந்து வாங்கித்தான் ஆகணும் என்றால், டப்பாவில் இருக்கிற வைர வடிவக் கட்டத்தைப் பாருங்க. கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள் அடுத்தது, நீலம் அதுக்கு அடுத்தது, பச்சை கடைசி. சிவப்பும் மஞ்சளும் குடியிருப்புக்குள்ள வரவே கூடாது. பூ பூத்திருக்கிற மரத்துக்கு எந்த நிறமும் கூடாது, தேனீ சாகும். தேனீ குறைந்தால் எங்க மாவில் காய் பிடிப்பும் குறையும்.

எங்க பக்கமும் தப்பு உண்டு

"விவசாயிங்க நீங்க மட்டும் அடிக்கலையா?" என்று கேட்பது காதில் விழுது. அடிக்கிறாங்க. மாம்பூ விட்டதும் கடைக்காரர் சொன்ன மூணு மருந்தைக் கலந்து அடிக்கிறவங்க எங்க ஊரிலும் உண்டு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. விவசாயிக்குப் பூ கருகினால் வருஷ வருமானம் போச்சு, கடன் கழுத்தில் நிக்கும். பயத்தில் அடிக்கிறான். உங்க வாசல் செம்பருத்தியில் நாலு இலை சுருண்டால் என்ன போச்சு? சாமிக்கு ரெண்டு பூ குறையும். பொறுத்துப் பார்க்க வசதி இருக்கிறது உங்களுக்குத்தான். அதனால் முதலில் நிறுத்த வேண்டியதும் நீங்கதான் என்பது என் கணக்கு.

இன்னொரு விஷயம் நர்சரி. புதுப் பூச்சி எல்லாம் எப்படி வருது? செடியோட வருது. கல்யாண முருங்கை மரத்தை முடிச்சு முடிச்சாக்கின குளவிக்கு 2004-ல்தான் அறிவியல் பேரே வெச்சாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள கேரளாவில் இருந்தது. வெளிநாட்டுச் செடி வர்றதுக்கு 2003-ல் போட்ட மத்திய அரசு ஆணை இருக்கு. ஆனா ராஜமுந்திரி பக்கம் கடியத்தில் ஏற்றி, ஓசூரில் இறக்குகிற லாரியில் இலையைத் திருப்பிப் பார்க்கிறது யாரு? வாங்குகிற நீங்கதான் பார்க்கணும். வெள்ளையா ஒட்டியிருக்கிற செடியை, விலை குறைச்சுக் கொடுத்தாலும் வாங்காதீங்க. வாங்கின செடியை ரெண்டு வாரம் தனியா வெச்சுப் பார்த்துட்டு நடுங்க.

மரத்தை வெச்சுட்டு அடிமரம் வரைக்கும் டைல்ஸ் போடறதையும் நிறுத்தணும். தண்ணியும் காற்றும் வேருக்குப் போகாத மரம் இளைச்சுப் போகும், இளைச்ச மரத்தைத்தான் துளைப்பான் தேடி வரும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டை எடுக்கச் சொல்லி 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நம்ம ஊரில் உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கடப்பாரை போதும்.

கடைசியா, குடியிருப்புச் சங்கத்தில் இருக்கிறவங்களுக்கும் கம்பெனித் தோட்டத்தைப் பார்த்துக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தோட்ட ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, "மாதம் ஒருமுறை மருந்து தெளித்தல்" என்ற வரியை அடிச்சுட்டு, "வாரம் ஒருமுறை செடிகளைப் பார்த்து எழுதி வைத்தல்" என்று போடுங்க. அந்தத் தம்பி கையில் டேங்க்குக்குப் பதிலா ஒரு பூதக்கண்ணாடியும் நோட்டும் கொடுங்க. சம்பளத்தைக் குறைக்காதீங்க, இதுதான் கஷ்டமான வேலை. சந்தேகம் வந்தால் ஒரு கொழுந்தை மூடின டப்பாவில் போட்டு எடுத்துக்கிட்டு, காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்க. ஓசூர்க்காரங்களுக்கு ஹெப்பால்கூடத் தூரமில்லை. பூச்சி பேரை எழுதி வாங்கிட்டு வந்த அப்புறம் மருந்துக் கடைக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. பெரும்பாலும் போக வேண்டியிருக்காது.